பழைய தெருப்படம்: எந்த இடம், எந்தக் காலம், அந்தக் கட்டடம் எங்கே?

தருமபுரி கடைவீதிப் பக்கம் படங்களுக்குச் சட்டம் போடுவதும், பழைய படங்களை ஸ்கேன் செய்து கொடுப்பதும் என் வேலை. கிருஷ்ணகிரியிலிருந்தும் கொண்டுவருவார்கள். தாத்தா கடை வாசலில் நிற்கும் படம், தேர்த் திருவிழாப் படம், யாரோ மாடியிலிருந்து எடுத்த தெருப்படம். படத்தை மேசையில் வைத்ததும் கேள்வி ஒன்றுதான்: “இது எந்த இடம்ணா?”

பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். படத்தின் நடுவில் இருக்கும் கட்டடத்தையே உற்றுப் பார்த்து, அதை ஊருக்குள் தேடுகிறார்கள். அந்தக் கட்டடம் இடிந்து இருபது முப்பது வருஷம் ஆகியிருக்கும். அதனால் நான் கட்டடத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். மலை, பாறை, ஏரிக்கரை, கோபுரம், தெரு வளையும் இடம் என்று நகராமல் இருப்பவற்றிலிருந்துதான் தொடங்குவேன்.

தொடங்கும் முன் ஒரு வேலை. படத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். சின்னச் சதுரப் படமாக இருந்தால் 1200 வையுங்கள். 1960, 70களில் வீடுகளில் புழங்கிய அக்பா கிளிக் போன்ற கேமராக்களின் நெகட்டிவ் 6 செ.மீ. சதுரம். அதிலிருந்து எடுத்த படம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் பெரிதாக்கினால் தூரத்துப் பலகை எழுத்துகூட வாசிக்க வரும். இனி அறிகுறி வாரியாகப் பார்ப்போம்.

## அறிகுறி 1: பார்த்த இடம் மாதிரி இருக்கிறது, ஆனால் எதுவும் பொருந்தவில்லை

முதலில் பாருங்கள்: படம் இடவலம் மாறியிருக்கிறதா?

இதுதான் அதிகம் வருகிறது. நெகட்டிவைத் தப்பான பக்கம் வைத்து அச்சிட்டாலோ, புரட்டி வைத்து ஸ்கேன் செய்தாலோ தெருவே கண்ணாடியில் தெரிவது போல் மாறிவிடும். பலகை எழுத்து தெளிவாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். மங்கலாக இருந்தால் ஆட்களைப் பாருங்கள். ஆண்கள் சட்டையின் பை இடது மார்பில் இருக்கும். நம்மைப் பார்த்து நிற்பவரின் பை படத்தின் வலப்பக்கம் தெரிய வேண்டும். இடது தோளில் போட்ட புடவை முந்தானையும் அதே பக்கம்தான் தெரியும். எதிரே வரும் பஸ்ஸின் டிரைவர் படத்தின் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் ஒரு அம்மா தன் மாமனாரின் மளிகைக் கடைப் படத்தைக் கொண்டுவந்தார். கோயிலுக்கு வலப்பக்கம் கடை இருந்தது என்பது வீட்டில் எல்லோரும் சொல்வது, படத்தில் அது இடப்பக்கம் இருந்தது. ‘இது நம்ம கடையே இல்லை’ என்று பாதி வீடு முடிவுகட்டிவிட்டது. படியில் நின்ற கடைப்பையனின் சட்டைப் பையைப் பெரிதாக்கினேன். அது வலது மார்பில் இருந்தது. கணினியில் படத்தைத் திருப்பிக் காட்டியதும் அந்த அம்மா, “ஆங், இதோ எங்க திண்ணை!” என்று விரலை வைத்துவிட்டார்.

அதுவும் சரியாக இருந்தால்: எடுத்த உயரத்தை யோசியுங்கள். மாடியிலிருந்து எடுத்த படத்தைக் கீழே நின்று ஒப்பிட்டால் பொருந்தாது. அடுத்தது சாலை. திரும்பத் திரும்பத் தார் போட்டு எங்கள் தெருக்கள் உயர்ந்துவிட்டன. படத்தில் நான்கு படி ஏறிப் போகும் வீடு இன்று சாலை மட்டத்தில் இருக்கலாம், சில சமயம் ஒரு படி இறங்கவும் வேண்டியிருக்கும். படிகளை எண்ணிக்கொண்டு வீட்டைத் தேடாதீர்கள்.

## அறிகுறி 2: எந்த ஊர் என்றே தெரியவில்லை

செலவில்லாத சோதனை: படத்தின் பின்பக்கம். ஸ்டுடியோ ரப்பர் முத்திரை, பென்சில் எழுத்து, அஞ்சலட்டையாக இருந்தால் தபால் முத்திரை. ஸ்டுடியோ முத்திரை படம் கழுவிய ஊரைத்தான் சொல்லும். எடுத்த ஊர் வேறாக இருக்கலாம்.

மாவட்டப் பெயர் இருந்தால் அவசரப்படாதீர்கள். 1965 அக்டோபர் 2 வரை இரண்டு ஊரும் சேலம் ஜில்லா. அதன்பின் 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ‘தருமபுரி மாவட்டம்’ என்று எழுதிய பலகை கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தொங்கியிருக்கலாம். இதைக் கவனிக்காமல் கிருஷ்ணகிரிப் படங்களைத் தருமபுரி தெருக்களில் மாதக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

பலகையில் எத்தனை மொழி? கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் புழங்கும். கடைப்பலகையில் இன்னொரு எழுத்து இருந்தால் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் முதலில் தேடுவேன். இது ஒரு சாய்வுதான், முடிவு அல்ல.

மலை தெரிகிறதா? தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கிருஷ்ணகிரியில் கோட்டை மலை ஊரை ஒட்டியே எழுந்து நிற்கிறது. வெறும் பாறை முதுகு, மேலே கோட்டைச் சுவர்க் கோடு. ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். தருமபுரி ஊருக்குள் அப்படித் தலைக்கு மேல் நிற்கும் மலை கிடையாது. மலைகள் தள்ளிப் போய் அடிவானத்தில் தாழ்வாகத் தெரியும். கூரைகளுக்குப் பின்னால் பெரிய பாறை மலை நெருக்கமாக நின்றால் தருமபுரியை ஒதுக்கிவிடலாம்.

இணையத்தில் தேடுகிறீர்களா? பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். கிருஷ்ணகிரியை ‘கிஸ்ட்னகெரி’ என்று ஒலிக்கும்படி எழுதியிருப்பார்கள். இந்தப் பகுதி முழுவதும் ‘பாராமஹால்’. அப்படித் தேடும்போது 1790களின் மைசூர்ப் போர்க் காலக் காட்சிகளும் வரும். அவை ஓவியங்கள், அச்சுப்படங்கள். புகைப்படக் கலையே 1839இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓவியர்கள் மலையை நிமிர்த்தியும் நெருக்கியும் வரைந்திருப்பார்கள் என்பதால் அவற்றை வைத்துத் தெருவை அளக்க முடியாது.

## அறிகுறி 3: ஊர் தெரிகிறது, தெரு தெரியவில்லை

திசையைக் கண்டுபிடியுங்கள். கோபுரம் தெரிந்தால் அது பெரும்பாலும் கிழக்கு பார்த்து இருக்கும். பள்ளிவாசலின் தொழுகைச் சுவர் மேற்கே, சற்று வடக்கு சாய்ந்து இருக்கும். இரண்டும் இல்லையென்றால் நிழல். இங்கே ஒரு எச்சரிக்கை: ‘மத்தியான நிழல் வடக்கே விழும்’ என்பது நம் ஊருக்கு ஆண்டு முழுவதும் பொருந்தாது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை, அதாவது சித்திரை பாதியிலிருந்து ஆடி முடிய, உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அப்போது மத்தியான நிழல் தெற்கே விழும். குட்டை நிழலை நம்பாதீர்கள். நீள நிழல் என்றால் காலையா மாலையா என்பதைப் பார்க்க வேண்டும். பாதிக் கடை திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, பையன்கள் புத்தகப் பையோடு போனால் காலை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு நின்ற இடத்தைப் பிடியுங்கள். எனக்கு மிகவும் கைகொடுத்த முறை இது. படத்தில் பக்கத்தில் ஒன்றும் தூரத்தில் ஒன்றும் ஒரே கோட்டில் வரும் ஜோடியைத் தேடுங்கள். கோபுர ஓரமும் மலையின் ஒரு பிளவும் நேராக வருகிறது என்று வையுங்கள். இன்று ஊருக்குள் நடந்து, அந்த இரண்டும் அதே போல நேராக வரும் இடங்களைப் பிடியுங்கள். படம் எடுத்தவர் அந்தக் கோட்டில் எங்கோதான் நின்றிருக்கிறார். அடுத்து படத்தின் மறுபக்கத்தில் இன்னொரு ஜோடி. அதற்கும் ஒரு கோடு கிடைக்கும். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் கேமரா நின்ற இடம்.

கிருஷ்ணகிரியில் ஒரு தெருப்படத்துக்கு இதைச் செய்தேன். கோட்டை மலையின் சரிவில் ஒரு பாறை, யானை மண்டியிட்டது போல் இருந்தது. படத்தில் அது ஒரு மினாரின் உச்சிக்குச் சரியாகப் பின்னால். பத்தடி இடப்பக்கம் நகர்ந்தால் பாறை மினாரை விட்டு வெளியே வந்துவிடுகிறது, பத்தடி வலப்பக்கம் நகர்ந்தால் மறைந்துவிடுகிறது. மூன்று தெருக்களில் நடந்து பார்த்து, கடைசியில் ஒரு செல்போன் கடை வாசலில் சரியாகப் பொருந்தியது. அந்தக் கடைக்காரர் மாடிக்கு ஏற விட்டார். மேலே போனதும் படத்தில் இருந்த தெருவின் வளைவு அப்படியே கீழே கிடந்தது.

மலை தெரியாத தருமபுரிப் படங்களில் தூரத்துப் பொருளாகக் கோபுரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள பொருளுக்குத் தெரு முக்கு, கிணற்று மேடை, பழைய மதில். மரத்தை மட்டும் நம்பாதீர்கள். வேம்பு வெட்டுப்படும், அதே இடத்தில் புங்கன் வளர்ந்து நிற்கும்.

## அறிகுறி 4: கிருஷ்ணகிரி என்று எழுதியிருக்கிறது, ஆனால் ரயில் நிற்கிறது

“கிருஷ்ணகிரிக்கு ஏது ரயில்?” என்று படத்தைப் பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய ரயில் பாதை 1905இல் வந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்த பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான். உலகப் போர்க் காலத்தில், 1941இல், இரண்டையும் நிறுத்திவிட்டார்கள்.

சோதனை: தண்டவாள அகலத்தைப் பக்கத்தில் நிற்கும் ஆளோடு ஒப்பிடுங்கள். ஆள் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால் அந்தக் குறுகிய பாதைதான், படத்தின் காலமும் 1905க்கும் 1941க்கும் இடையில் அடங்கிவிட்டது. அகலப் பாதையாக இருந்தால் மொரப்பூர், திருப்பத்தூர் போன்ற பெரிய பாதை நிலையங்களைப் பாருங்கள். குறுகிய பாதை போன தடத்தைப் பிடிக்க இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடம் வேண்டும். இரண்டு ஊரும் 57 எல் தாளில் வரும்.

## அறிகுறி 5: எந்தக் காலத்துப் படம் என்று தெரியவில்லை

ஒரே விதிதான். படத்தில் எது எல்லாவற்றிலும் புதியதோ, படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ‘1960ஆம் வருஷப் படம்’ என்று கொண்டுவந்த ஒன்றில் தூணுக்குப் பின்னால் ஒரு டி.வி.எஸ். 50 பாதி தெரிந்தது. நம் ஓசூரில் செய்த வண்டி, 1980இல் வந்தது. இருபது வருஷக் கதை அதோடு மாறிப்போனது.

பஸ் இருந்தால் முதலில் அதன் பக்கவாட்டு எழுத்து. ‘அன்னை சத்யா’ போக்குவரத்துக் கழகம் என்று இருந்தால் பாக்கியம். தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு 1987இல் தொடங்கி, 1997இல் தலைவர்கள் பெயர்களை எல்லாம் எடுத்தபோது அந்தப் பெயர் போய்விட்டது. பத்தே வருஷத்துக்குள் படம் அடங்கிவிடுகிறது. எண் பலகையில் டி.என். 29 என்று இருந்தால் 1989க்குப் பின். அதற்கு முன் மூன்று எழுத்தும் எண்ணும்தான்.

சுவரில் தேர்தல் சின்னம் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது, ஏனென்றால் சுண்ணாம்புச் சுவர் எழுத்து மழைக்கு நிற்காது. இரட்டைக் காளை என்றால் காங்கிரஸ் 1969இல் பிளவுபடும் முன். பசுவும் கன்றும் 1970களின் இந்திரா காங்கிரஸ். கை 1978 முதல். இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் முதலில் வந்தது. உதயசூரியன் அன்றிலிருந்து இன்றுவரை இருப்பதால் தனியாக அது மட்டும் போதாது.

பலகை எழுத்து: 1978 அக்டோபரில் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. அதற்கு முன் ‘அரிசி ஆலை’, ‘பாடசாலை’ என்பவற்றில் லை, தும்பிக்கை வளைத்த யானை மாதிரி இருக்கும். ‘கண்ணாடிக் கடை’யில் ணா சுழித்து எழுதப்பட்டிருக்கும். ஆனால் பலகை எழுதுபவர்கள் பழைய கையை ஒரே நாளில் விடவில்லை, கடைக்காரர்களும் புதுப் பலகைக்குச் செலவழிக்கவில்லை. மறுபக்கம் பெரியார் தன் ‘குடி அரசு’ இதழில் 1935லேயே புது எழுத்தைத் தொடங்கிவிட்டார், அதனால் திராவிட இயக்கப் பலகைகளில் முன்பே வரும். அரசுப் பலகையில் புது எழுத்து இருந்தால் மட்டும் 1978க்குப் பின் என்று உறுதியாகச் சொல்வேன்.

விலைப் பலகை: அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முன்னோ அதை ஒட்டியோ. நயா பைசா என்றால் 1957 முதல் 1964 வரை. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். அரசுப் பலகையில் ‘சென்னை மாநிலம்’ என்றால் 1969 ஜனவரிக்கு முன்.

கலர்ப் படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத் தேதி இருந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கேமராவில் பேட்டரி மாற்றியபின் தேதி சரிசெய்யாமல் விட்ட படங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன.

## அறிகுறி 6: இடம் தெரிகிறது, கட்டடம் இல்லை

இங்கேதான் நேரமும் பணமும் போகும். மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

பேச்சு. “இது என்ன கட்டடம்?” என்று கேட்காதீர்கள். “இது பழைய சினிமா கொட்டகைதானே?” என்று நீங்களே பதிலைக் கொடுக்கவும் செய்யாதீர்கள். பெரியவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். “பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரைக்கும் வரிசையாக என்னென்ன கடை இருந்தது, சொல்லுங்கய்யா” என்று கேளுங்கள். கண்ணை மூடி நடந்தபடியே சொல்வார்கள். வரிசையில் உங்கள் கட்டடம் தானாக வரும். தையல்காரர், சைக்கிள் கடைக்காரர், பழைய தபால்காரர், மின்வாரிய லைன்மேன், பூக்காரம்மா ஆகியோர்தான் எனக்கு அதிகம் உதவியவர்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்தோ, வாசல் வாசலாக ஏறியோ தெருவைப் பார்த்தவர்கள். கிருஷ்ணகிரியில் உருது பேசும் வீடுகளிலும் தெலுங்கு பேசும் வீடுகளிலும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே தெருவுக்கு வீட்டுப் புழக்கத்தில் வேறு பெயர் இருக்கும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் யாரோ ஒருவர் தப்பு என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு படத்தைப் பார்த்து ஒருவர் கொட்டகை என்றார், இன்னொருவர் மண்டி என்றார். மூன்றாவதாக ஒரு தையல்காரத் தாத்தா, “ரெண்டும்தான் தம்பி. கொட்டகையை மூடின அப்புறம் அதே கூரைக்கடியிலதான் மண்டி நடந்துச்சு” என்றார். அப்போதுதான் படத்தில் இருந்த இரண்டு வாசல்களுக்கும் அர்த்தம் புரிந்தது.

பக்கத்து வீட்டுப் பத்திரம். இடிந்த கட்டடத்தின் பத்திரம் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் பத்திரம் கிடைக்கும். அதில் சக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம் இருக்கும். ‘சினிமா கொட்டகைக்கு வடக்கு, முனிசிபல் வீதிக்குக் கிழக்கு’ என்று எழுதியிருப்பார்கள். இதை வாசிப்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். ‘கொட்டகைக்கு வடக்கு’ என்றால் இந்த மனை கொட்டகைக்கு வடக்கே இருக்கிறது, ஆக கொட்டகை மனையின் தெற்குப் பக்கம். தலைகீழாகப் புரிந்துகொண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் தேடிக்கொண்டிருப்பீர்கள். கிழமேல், தென்வடல் அடிக்கணக்கும் எழுதியிருக்கும். டேப் பிடித்து அளந்தால் கட்டடம் எங்கே தொடங்கியது என்பது ஓரிரு அடிக்குள் வந்துவிடும்.

அலுவலகம். நகராட்சிச் சொத்து வரிப் பதிவேடு, டவுன் சர்வே பதிவேடு, பிறகு சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று. 1975க்குப் பிந்திய வில்லங்கத்தைப் பெரும்பாலும் இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியது கையால் தேடும் வேலை, நாளாகும். ஒரு அலுவலகத்தில் என்னை நான்கு தடவை திருப்பி அனுப்பினார்கள், கதவு எண் மட்டும் வைத்துக்கொண்டு போனதுதான் காரணம். கதவு எண்கள் மாறிக்கொண்டே வந்தவை. வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் மூன்றையும் எழுதிக்கொண்டு போனபோது அன்றே பார்த்துக் கொடுத்தார்கள்.

யாரைக் கூப்பிட வேண்டும்? கையெழுத்துப் பழைய பத்திரம் வாசிக்க வரவில்லை என்றால் வயதான பத்திர எழுத்தரிடம் போங்கள், அரைமணி நேரத்தில் முடியும். எல்லைக்கல் வரை உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் உரிமம் பெற்ற சர்வேயர். அந்த இடத்தில் வழக்கு இருப்பது தெரிந்தாலோ, உங்கள் படத்தை யாராவது சாட்சியாகக் கேட்டாலோ, தேடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு வக்கீலிடம் பேசுங்கள். பொதுக் கட்டடமாக இருந்து உள்ளூரில் எதுவும் கிடைக்காவிட்டால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். போகும்போது 1965க்கு முந்தியதைச் சேலம் ஜில்லாவின் கீழ் கேளுங்கள். தருமபுரி என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

## அறிகுறி 7: படமே பார்க்க முடியாத நிலையில் இருக்கிறது

மங்கல்: ஸ்கேன் செய்து கருமை கூட்டினால் போதும். சிவப்பேறிய கலர்ப் படத்தையும் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம்.

சுருண்டிருக்கிறது: விரித்து இழுக்காதீர்கள், மேல்பூச்சு பிளந்துவிடும். சுருண்டபடியே கொண்டுவாருங்கள்.

பூஞ்சை: துணியால் துடைக்கக் கூடாது. மற்றப் படங்களிலிருந்து பிரித்து, காகித உறையில் காற்றாட வையுங்கள்.

சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது: இதில்தான் கெஞ்சிக் கேட்கிறேன், பிய்க்காதீர்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறி, படத்தின் மேல்பூச்சு கண்ணாடியில் பசை மாதிரி பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், வெள்ளைத் தாள்தான் கையில் மிஞ்சும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம், நன்றாக வரும். அதற்குப் பிறகும் பிரித்தே ஆக வேண்டும் என்றால் காகித, புகைப்படப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். நான் அந்த வேலையை எடுப்பதில்லை. கண்ணாடி நெகட்டிவ் தகடுகளும் அப்படியே. விளிம்பைப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், நிமிர்த்தி நிற்க வைத்துக் கொண்டுவந்தால் மேசையிலேயே பின்விளக்கு போட்டு கேமராவால் எடுத்துக் கொடுத்துவிடுவேன். தகடு உங்கள் கையை விட்டுப் போக வேண்டியதில்லை.